வார்னிங் சாரும் பன்னிரண்டு வோல்ட்டும்

பாரிவாக்கத்து ஃபிளாட்டுக்கு நாங்கள் குடிபோன அன்று பால் காய்ச்சினோம். புது வீட்டில் பால் எதற்குக் காய்ச்சுகிறோம்? பொங்கி வழியத்தான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் நுரைத்து விளிம்புவரை ஏறி வந்தது. அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் திறந்திருந்த வாசல் வழியாக நேரே சமையலறைக்குள் வந்து அடுப்பைச் சிம்மில் வைத்தார். ஏறி வந்த பால் அப்படியே அடங்கிக் கீழே போனது.

"பொங்கினா பர்னர் அடைச்சுக்கும். அடைச்சா கேஸ் லீக் ஆகும். நான் சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்" என்றார்.

அவர்தான் எங்கள் பிளாக்கின் அசோசியேஷன் செகரட்டரி, பக்கத்து ஃபிளாட்காரர். அந்த வீட்டில் இருந்த காலத்தில் ஃபிரிட்ஜ் கெட்டது, எனக்குக் கல்யாணம் தட்டிப்போனது, அப்பாவுக்கு முட்டி வலி வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் பொங்காமல் போன அந்தப் பால்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். விஞ்ஞானப்படி இதில் அர்த்தமில்லை. ஆனாலும் நான் மறுத்துப் பேசுவதில்லை.

சார் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு வருடம் அங்கே பாதுகாப்பு வாரக் கொண்டாட்டத்துக்கு ஆள் கிடைக்காமல், இவர் சட்டையில் ஒரு பச்சை பேட்ஜைக் குத்தி மேடையேற்றி உறுதிமொழி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் முடிந்ததும் எல்லாரும் பேட்ஜைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். இவர் மட்டும் அதை மனதுக்குள் குத்திக்கொண்டே ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருடைய எச்சரிக்கைகளுக்கு ஒரு தர்க்கம் உண்டு. தர்க்கம் என்பதைவிடச் சங்கிலி என்று சொல்லலாம். மார்கழியில் வாசலில் கோலம் போட்டால் மாவுக்கு எறும்பு வரும். வந்த எறும்பு சும்மா இருக்காது, ஸ்விட்ச்போர்டுக்குள் போகும். போனால் ஷார்ட் ஆகும். ஆகவே கோலம் போட்டால் பிளாக் எரியும். மொட்டைமாடியில் வடாம் காயவைத்தாலும் கடைசியில் பிளாக்தான் எரியும். எங்கே தொடங்கினாலும் அவர் எங்களை ஆம்புலன்ஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்த்தான் விடுவார்.

வாசலில் பாதாம் மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அண்ணன்தான் அவருக்கு வார்னிங் சார் என்று பெயர் வைத்தார். பெட்டியில் கரி போட்டால் பொறி பறக்கும், பறந்தால் காரில் விழும் என்று சார் தினமும் அவருக்குப் பாடம் எடுத்துவந்தார். சாரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டாலே அந்த அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

"நைனா, உங்க வார்னிங் சாரு எறங்கி வந்துகினு கீறாரு. நான் கடைய மூடிகினு ஊட்டுக்குப் போயிடவா?"

முதலில் எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கொரியர்காரர் விழுந்த அன்றுதான் சாரை நான் சரியாகப் புரிந்துகொண்டேன். முதல் மாடிப் படியில் ஒரு டைல் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் அவர் அதைப் பற்றி எச்சரித்தார். செகரட்டரி அவர்தான், மேஸ்திரியைக் கூப்பிட வேண்டியவரும் அவர்தான். ஆனால் கூப்பிடவில்லை. ஒரு நாள் கொரியர்காரர் பார்சல்களோடு சறுக்கிவிழுந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சார் இறங்கி வந்தார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேரன் பிறந்த செய்தி கேட்டவர் மாதிரி இருந்தது. ஃபோனை எடுத்து, தான் முன்பே அனுப்பிய மெசேஜைத் தேடிப்பிடித்து, வலியில் முனகிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு வாசித்துக் காட்டினார்.

விபத்து நடக்கக்கூடாது என்பது அவருடைய கவலையே இல்லை. நடக்கும்போது, அவர் முன்பே சொன்னவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. அதற்குப் பிறகு சாருக்கு ஒரு யோசனை வந்தது. அவரிடம் ஒரு கார் இருந்தது. கீறல் விழும் என்று வெளியே எடுக்க மாட்டார். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, உறுமலைக் கேட்டுவிட்டு அணைப்பார். அந்தக் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றி, ஒரு சின்ன இன்வெர்ட்டர் வாங்கி மாட்டி, அவசரத்துக்கு விளக்கும் ஃபேனும் ஓட்டலாம் என்பது திட்டம்.

ஒப்புக்கொள்கிறேன், எனக்கு ஒரே உற்சாகம். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். வேலை என்னவோ யாரோ எழுதிய புரோகிராமை வீட்டிலிருந்தபடி சோதித்துப் பார்ப்பது. படித்ததை எங்கேயாவது ஒரு கம்பியிலாவது காட்ட முடியாதா என்று கை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கிங்கில் சார் செயல்விளக்கம் வைத்தபோது முதல் ஆளாகப் போய் நின்றேன். மற்ற ஆண்கள் பேப்பரும் கையுமாக வந்தார்கள். பெண்கள் எல்லாரும் மாடியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது. அன்று அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. கழற்றும்போது கறுப்பு ஒயரை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது கடைசியில். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் கூடாது, இரண்டு முனைக்கும் நடுவில் ஸ்பானர் விழுந்தால் ஸ்பானரே பழுத்துப்போகும். ஆகவே மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். (அவருடைய மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டும் கழலவில்லை. அப்படியே தொடர்ந்தார்.) சிவப்பு முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். முக்கியமாக, சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் காற்றோட்டமான இடத்தில்தான் சார்ஜ் போட வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடவே கூடாது.

கார் பேட்டரி என்ஜினை ஒரு உதை உதைத்துக் கிளப்புவதற்குச் செய்தது, மணிக்கணக்கில் ஃபேன் ஓட்டிச் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும் என்று நான் நடுவில் சொன்னேன். சார் என்னைக் கையமர்த்தினார். அன்று மதியமே அந்தத் தகவல் வாட்ஸ்ஆப் குழுவில் அவருடைய எச்சரிக்கையாக வந்துவிட்டது. கீழே ஏகப்பட்ட கட்டைவிரல்கள்.

அந்தக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கு ஒரு எண்தான் என்று சார் சட்டம் போட்டிருந்தார். எல்லா வீட்டிலும் அது ஆண்களின் எண்ணாக அமைந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்பாவின் எண். அப்பா குழுவைச் சத்தம் வராமல் அடக்கி வைத்திருந்தார்.

சாரின் மனைவி அதில் இல்லை. பிளாக்கில் எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. மெலிந்த உருவம், எப்போதும் சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் பத்தி பத்தியாகப் பேசும் சார், ஆன்ட்டியிடம் ஒற்றைச் சொல்லில் பேசுவார். காபி. சாவி. கண்ணாடி. வினைச்சொல்லை வீட்டுக்குள் அவர் வீணாக்கியதே இல்லை. ஆன்ட்டியும் அந்தந்தப் பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

புயல் வருகிறது என்று அறிவித்தார்கள். சார் மலர்ந்தார். இரண்டு நாளாகக் குழுவில் அடைமழை. மெழுகுவத்தி வாங்குங்கள், ஃபோனைச் சார்ஜ் போடுங்கள், கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, எல்லா வாளியிலும் தண்ணீர் பிடியுங்கள். இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எல்லாரும் கேட்டோம். ஒவ்வொரு வாசலிலும் வாளியும் குடமும் வரிசையாக நிறைந்து நின்றன. இதற்காக அவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும், அது ஏன் என்பது பின்னால் தெரியும்.

பேட்டரி வழக்கமாக அவருடைய பால்கனியில்தான் இருக்கும். சார்ஜ் போடுவதும் அங்கேதான். அது சரியான இடம். புயலன்று காலையிலேயே சாரல் பால்கனிக்குள் சாய்ந்து அடித்தது. நனைந்தால் ஆபத்து என்று பேட்டரியை உள்ளே தூக்கிவந்தார். ஹாலில் வைத்தால் கால் இடறும். சமையலறையில் கேஸ் இருக்கிறது. படுக்கையறையில் மெத்தை எரியும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியிருக்கிறார். கடைசியில் ஈரம் படாத, யாரும் அநாவசியமாகக் கைவைக்காத, சாமிக்குச் சீரியல் பல்பு போட ஏற்கெனவே பிளக் பாயின்ட் உள்ள ஒரு இடம் கிடைத்தது. பூஜை அலமாரி. அந்தக் காலத்துப் பூஜை அறையெல்லாம் ஃபிளாட்டில் ஏது? பிளைவுட்டில் செய்து, கதவில் சின்னச் சின்ன மணி தொங்கவிட்ட அலமாரிதான். அதன் கீழ்த்தட்டில் பேட்டரியை வைத்து, சார்ஜரை மாட்டி, கதவுகளை இறுக்கச் சாத்தினார். யார் கையும் படக்கூடாதல்லவா. இதையெல்லாம் பிறகு அவரே ஒவ்வொருவரிடமும் விளக்கினார், அதனால்தான் இவ்வளவு விவரமாகத் தெரியும்.

பகலெல்லாம் அது சார்ஜ் ஏறியது. சாயங்காலம் கரண்ட் போனது. வெளியே மழை இருட்டு. தினமும் விளக்கேற்றும் நேரத்துக்கு ஆன்ட்டி முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, பூஜை அலமாரிக் கதவைத் திறந்து தீக்குச்சி கிழித்திருக்கிறார்.

எங்களுக்கு லாரி டயர் வெடித்த மாதிரி கேட்டது. கதவைத் திறந்து ஓடினேன். எதிர் ஃபிளாட் அக்காவும் முக்காட்டை இழுத்துவிட்டபடி வெளியே வந்தார். ஆன்ட்டி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வராண்டாவுக்கு வந்து சுவரில் மோதி நின்றார். புடவையின் முன்பக்கம் நனைந்திருந்தது. மூக்கைத் துளைக்கிற புளித்த நெடி. அந்த நெடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் ஆசிட். தண்ணீர், தண்ணீர் என்று கத்தினேன். அக்கா தன் வாசலில் இருந்த வாளியை ஒரே இழுப்பில் இழுத்து, ஆன்ட்டியின் தலையைச் சாய்த்துப் பிடித்து, மக்கை மொண்டு தூக்கினார்.

அப்போது வாசற்படியில் டார்ச்சோடு சார் தோன்றினார்.

"தண்ணி ஊத்தாதீங்க. ஆசிட்ல தண்ணி ஊத்தினா கொதிக்கும். ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்திருக்காங்க. ஊத்தாதீங்க, நான் சொல்லிட்டேன்."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இத்தனை வருடம் நாங்கள் அவரைக் கிண்டல்தான் செய்திருக்கிறோம். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் நிற்பதற்கு உடம்பு பழகியிருந்தது. அது பாட்டிலில் இருக்கிற ஆசிட்டுக்குச் சொன்ன விதி, உடம்பில் பட்டால் தண்ணீரைக் கொட்டோகொட்டென்று கொட்ட வேண்டும் என்று நான் கத்தினேன். உனக்கு அனுபவம் பத்தாது தம்பி என்று சார் பதில் சொன்னார். விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஆன்ட்டியின் கண் எரிந்துகொண்டிருந்தது.

பொத்திய கைக்குள்ளிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது. அழவில்லை. சத்தமும் போடவில்லை.

"நீ ஊத்தும்மா. அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள என் கண்ணு போயிடும்."

அக்கா ஊற்றினார். "சார், அப்பால போயி நின்னு சொல்லிகினு இரு. யக்கா, கண்ண தொற. எரிஞ்சாலும் தொறந்து வையி" என்றபடி ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்த வாளி தீர்ந்ததும் எங்கள் வாளி. அது தீர்ந்ததும் சார் வீட்டுக் குடம். வராண்டாவிலிருந்து தண்ணீர் படி வழியாக அருவியாக இறங்கியது. நான் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படியில் தண்ணீர் போனால் வழுக்கும் என்று ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக கார் கீழே தயாராக நின்றது. பேட்டரி மட்டும் இல்லை. அக்காவின் கணவர் கரையான்சாவடியில் தையல் கடை வைத்திருந்தார். துணிக்கட்டு ஏற்றுகிற அவருடைய லோடு ஆட்டோவின் பின்னால், தார்ப்பாயின் கீழே, ஆன்ட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். போகும்போதும் அக்கா ஒரு குடத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் விட்டுக்கொண்டே வந்தார். சார் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்குப் பள்ளங்களைக் காட்டிக்கொண்டு வந்தார்.

கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே உடனே கழுவினீர்களா என்பதுதான். கழுவியதால்தான் பார்வை தப்பியது, இடது கண்ணில் மட்டும் ஒரு ஓரமாகப் புகை படிந்த மாதிரி இருக்கும், அது போகாது என்றார். சார் முன்னால் வந்தார். "நிறைய வாட்டர் யூஸ் பண்ணணும்னு இவங்களுக்கு ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தேன் டாக்டர்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். அவர் முந்தானையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இன்னா மனுசன்யா இவுரு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

டவர் வந்ததும் குழுவில் முதல் மெசேஜ் சாருடையதுதான். பேட்டரி ஆசிட் கண்ணில் பட்டால் தாமதிக்காமல் சுத்தமான தண்ணீரால் தொடர்ந்து கழுவவும், அலட்சியம் வேண்டாம், பாதுகாப்பே முதன்மை. கட்டைவிரல்கள் விழுந்தன. ஒருவர் பூங்கொத்து போட்டார். அப்பா அன்றுதான் குழுவிலிருந்து வெளியேறினார்.

ஆன்ட்டி கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இனி பிளாக்கில் யாரும் மூடிய அலமாரிக்குள் எண்ணெய் விளக்கு ஏற்றக்கூடாது, மின்விளக்குதான் வைக்க வேண்டும். காரணத்தையும் விளக்கினார். பேட்டரியால் ஆபத்தில்லை. முறைப்படி வைத்த பேட்டரி அது. ஃபியூஸ் இருந்தது, ஒயர் சரியான கனம். திறந்த நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோனதுதான் தவறு. இதைத்தான் முன்பே இதே இடத்தில் அவர் எல்லாருக்கும் தெளிவாகச் சொல்லியிருந்தார். குழுவிலும் போட்டிருந்தார். வேண்டுமானால் மெசேஜை எடுத்துக் காட்டுவார்.

சிலர் தலையாட்டினார்கள். அன்றைக்குப் பேப்பரோடு நின்றவர்களுக்கு அவர் சொன்னது ஞாபகம் இருந்தது.

அப்போது லிஃப்ட் திறந்தது. எதிர் வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆன்ட்டி வந்தார். கூட்டத்துக்கு அவர் அதுவரை வந்ததில்லை. யாரோ எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். உட்காரவில்லை.

"எல்லாருக்கும் சொன்னேன்னு சொல்றீங்க. நெருப்பு கிட்ட வரக்கூடாதுன்னு இங்க உக்காந்திருக்கற அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. இவங்க யாரும் நம்ம ஊட்டுல வெளக்கேத்த வரப்போறதில்ல. ஏத்தறவ நான். எனக்கு ஏன் சொல்லல?"

வாசலில் இஸ்திரிப் பெட்டி ஓசையில்லாமல் நின்றது. சார் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எனக்கு ஒரு கணம் அந்த மனிதர்மேல் ஏதோ எதிர்பார்ப்பு வந்தது. ஒரு சொல் போதும். அவருக்குப் பழக்கமான ஒற்றைச் சொல்தான்.

"நீ கேக்கவே இல்லையே" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பிளாக்கில் குடிவந்த நாளிலிருந்து, எந்த வீட்டிலும், எந்த ஜீவனும், அவரிடம் எதையும் கேட்டதில்லை.